பென்சிலில் எழுத வேண்டியவை

ஜெராக்ஸ் கடையில் விற்கும் நோட்ஸால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்கிறவர்கள் அத்தனை பேரிடமும் அது ஒரு செட் இருக்கும். ஸ்பைரல் பைண்டிங், மேலே பிளாஸ்டிக் அட்டை, அட்டைக்குக் கீழே பாதி அழிந்துபோன ஏதோ ஒரு பயிற்சி மையத்தின் பெயர். யாரோ கையால் எழுதியதை இன்னொருவர் நகலெடுத்து, அந்த நகலை வேறொருவர் நகலெடுத்து, நம் கைக்கு வரும்போது கி.மு. எது கி.பி. எது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். இது போதாதென்று செல்பேசியில் நானூறு பி.டி.எஃப். இருக்கும். பி.டி.எஃப். சேர்ப்பதில் ஒரு சுகம் உண்டு. இறக்கி முடிந்ததும் அந்தப் பாடத்தையே படித்து முடித்த மாதிரி இருக்கும்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இந்த உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாக: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருந்தால் போதும், எழுதலாம். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற வேலைகள். 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் தமிழ் மட்டும் 100 கேள்வி. தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு என்றுதான் பேர். தேர்வு அறையில் எனக்கு முன்னால் பொறியியல் பட்டதாரி, பின்னால் எம்.ஃபில். 2024-இல் அறிவிப்பு வந்தபோது இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

இவ்வளவு பேரில் ஒருவராகப் படிக்கும்போது, அடுத்தவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் நாம் கையால் எழுதிய நோட்டுதான் என்று ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பாடப் புத்தகங்கள், அவற்றிலும் 2018-லிருந்து மாறிய புதுப் புத்தகங்கள், அதற்கு முந்தைய சமச்சீர் புத்தகங்கள். 'பழைய புக்', 'புது புக்' என்று எங்கள் பாஷையில் இரண்டு வேதங்கள். இதையெல்லாம் மொத்தமாக மேஜையில் அடுக்கினால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாது. தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த அடுக்கை மறுபடி படிக்க முடியாது. ஆகவே அது நான்கு நோட்டாகச் சுருங்க வேண்டும். நான்கு நோட்டு பிறகு ஒரு நோட்டாக. கையில் பேனா இருந்தாலும் நடக்கிற வேலை கழித்தல்தான். ஒவ்வொரு பக்கத்திலும் 'இதை நான் மறந்துவிடலாம்' என்று ஒரு முடிவு எடுத்துக்கொண்டே போகிறோம்.

நான் எம்.ஏ. தமிழ். அருப்புக்கோட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, மாலையில் நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்தான் என் பலம் என்று எல்லோரும் சொன்னார்கள். 100 கேள்வியும் உனக்கு அல்வா மாதிரி என்றார்கள். இலக்கியம் படித்தவனுக்கு இந்த நோட்ஸ் வேலையில் இருக்கும் சங்கடம் அவர்களுக்குத் தெரியாது.

என் நோட்டில் சிலப்பதிகாரம் இப்படி இருக்கிறது: ஆசிரியர் இளங்கோவடிகள். காண்டம் 3. காதை 30. புகார் 10, மதுரை 13, வஞ்சி 7. வேறு பெயர்கள்: குடிமக்கள் காப்பியம், முத்தமிழ்க் காப்பியம். இரட்டைக் காப்பியம்: மணிமேகலையுடன். முடிந்தது. ஐந்து வரி. திருக்குறளுக்கு: அதிகாரம் 133, அறம் 38, பொருள் 70, இன்பம் 25, ஜி.யு. போப் மொழிபெயர்ப்பு 1886. கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க ஒரே ஒரு காதையைப் பேசிய வகுப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வகுப்பிலிருந்து இந்த நோட்டுக்கு எதையும் எடுத்து வர முடியவில்லை. கேள்வி அப்படி வராது. கண்ணகி ஏன் ஊரை எரித்தாள் என்று நான்கு விடை கொடுத்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது.

அக்கா கேட்கும்வரை இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

*

மாமா 2021 மே மாதம் கொரோனாவில் போனார். அக்காவுக்கு அப்போது 34 வயது. மகள் ஐந்தாம் வகுப்பு. நாங்கள் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம். அக்கா வரவில்லை. இரண்டு தெரு தள்ளி மாமா வாடகைக்கு எடுத்திருந்த அதே ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு பிளவுஸ் தைக்க ஆரம்பித்தாள். பள்ளி திறக்கிற ஜூன் மாதமும் தீபாவளிக்கு முந்தைய மாதமும்தான் கையில் காசு நிற்கும். மற்ற மாதங்களில் ஓரம் அடிக்கிற வேலை, ஜிப் மாற்றுகிற வேலை.

2023 கடைசியில் ஒருநாள் என்னிடம் கேட்டாள். "ஏன்டா, பத்தாவது படிச்சிருந்தா எழுதலாம்னு சொன்னியே, அந்தப் பரீட்சை. நான் எழுதலாமா?"

"எழுதலாம்க்கா."

"படிக்க நேரமில்ல. நீ எழுதி வச்சிருக்கற நோட்டக் குடு."

கொடுத்தேன். நான்கு நாளில் திருப்பித் தந்துவிட்டாள். தையல் மிஷினில் கண்ணும் கையும் காலும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும். சும்மா இருப்பது காது மட்டும்தான். "நீ இத வாயால சொல்லி அனுப்பு. கேட்டுக்கிட்டே தைக்கிறேன்" என்றாள்.

அப்படித்தான் என் நோட்ஸ் வாட்ஸ்அப் குரல் பதிவாக மாறியது. மதியம் கடையில் சாப்பாட்டு நேரத்தில் குடோனுக்குள் போய், மிளகாய் மூட்டைக்கும் சீனி மூட்டைக்கும் நடுவில் நின்றுகொண்டு பதிவு செய்வேன். நடுநடுவே தும்மல் விழும். முதல் வாரம் வெறுமனே வாசித்து அனுப்பினேன். "பாட்டு மாதிரி ஓடிருது. ஒண்ணும் நிக்கல" என்றாள். பிறகு அவளே ஒரு முறை சொன்னாள். "நீ கேள்விய மட்டும் கேளு. கேட்டுட்டு, ஒரு ஊக்கு வச்சுத் தைக்கிற நேரம் சும்மா இரு. அப்புறம் பதிலச் சொல்லு."

ஒரு ஊக்கு வைத்துத் தைக்க எவ்வளவு நேரம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த இடைவெளிதான் நோட்ஸ் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மௌனம். அதற்குள் மூளை தட்டுத்தடுமாறித் தேடுகிறது. தேடிக் கிடைத்தது நிற்கிறது. கிடைக்காமல் பிறகு காதில் விழுந்ததும் நிற்கிறது. நூலகத்தில் மஞ்சள் ஹைலைட்டரால் பக்கம் முழுக்கப் பூசிக்கொண்டிருந்த எங்களில் யாரிடமும் அந்த மௌனம் இருந்ததில்லை. நானும் என் நோட்டை அதற்கேற்ப மாற்றினேன். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில், நடுவில் மடிக்க ஒரு கோடு.

அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகளைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்யத் திணறுவார்கள். அக்காவுக்கு அது ஒரு நாள் வேலையாக இருந்தது. அவளுக்கு எண்கள் எல்லாம் அங்குலங்கள். "14, சட்டத்தின் முன் அனைவரும் சமம். 14 தோள்பட்டை அளவு. குண்டா இருந்தாலும் ஒல்லியா இருந்தாலும் பொம்பளைகளுக்குத் தோள்பட்டை ஏறக்குறைய அதுதான் வரும். எல்லாரும் சமம்" என்றாள். 32 என்று நான் ஆரம்பித்ததும், "அது இடுப்பு" என்றாள். உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை அது, அம்பேத்கர் அதைத்தான் அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்றார் என்று சொன்னேன். "நல்ல உரிமைதான். ஆனா 32 இடுப்பு இந்தத் தெருவுல எவளுக்கும் கிடையாது" என்று பதில் வந்தது. இரண்டு தகவலும் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

இலக்கணத்தில் ஓரெழுத்து ஒருமொழி வந்தது. நன்னூல் கணக்கில் 42. அதில் நெடில் 40, குறில் இரண்டே இரண்டு: நொ, து. 'து' என்றால் உண் என்று பொருள். அன்று முதல் அந்த வீட்டில் சோறு போட்டுவிட்டு மகளை "து" என்றுதான் கூப்பிடுவாள். மகள் ஓடி வந்து, "நொ" என்பாள். நொ என்றால் துன்பம். ரசம் சாதம் அவளுக்குப் பிடிக்காது.

*

மகள் எட்டாம் வகுப்பு வந்திருந்தாள். அரசு கொடுத்த எட்டாம் வகுப்புப் புத்தகம் ஒன்றுதான். அதில் அவளுக்கும் வீட்டுப்பாடம், அம்மாவுக்கும் தேர்வு. இரவு எட்டரைக்கு மேல்தான் புத்தகம் அம்மா கைக்கு வரும். அம்மா அடிக்கோடு போட்டால் மகள் சண்டை போடுவாள், டீச்சர் திட்டுவார் என்று. கடைசியில் உடன்பாடு ஆனது: அடிக்கோட்டுக்குப் பதிலாகத் தையல் நூல். முக்கியமான பக்கத்தில் ஒரு துண்டு நூலை வைத்து மூடிவிட வேண்டும். வரலாற்றுக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் நூல் நூலாக உதிரும்.

அந்தக் காலத்தில் ஒருநாள் சிலப்பதிகாரத்தின் ஐந்து வரியை அனுப்பினேன். காதை 30 என்றதும் அக்கா திருப்பி அழைத்தாள்.

"முப்பது காதை சரி. கத என்னடா?"

"கண்ணகி கததான்க்கா. பத்தாவதுல படிச்சிருப்பியே."

"எரிச்சான்னு தெரியும். ஒழுங்காச் சொல்லு."

அன்று இரவு கடை பூட்டிய பிறகு படியில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். பதினான்கு நிமிடம். தேர்வுக்கு அதில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. மாதவி, கடலாட்டு, பொருள் தொலைந்தது, விடியும் முன்னே புகாரை விட்டுக் கிளம்பியது, மாதரி வீட்டில் கடைசிச் சாப்பாடு, பொற்கொல்லன், அரண்மனை வாசல், உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம். வகுப்பறையில் கேட்டதில் எனக்கு மிச்சமிருந்தது எல்லாம் அந்தப் பதினான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது.

மறுநாள் அவளிடமிருந்து ஒரு பதிவு. பின்னணியில் மிஷின் சத்தம் இல்லை. "புருஷன் செத்தப்புறம் ஒரு ஆஃபீசுக்கு மனு குடுக்கப் போனவதானடா அவ. கையில அத்தாட்சியோட போயிருக்கா. வாசல்ல நின்னு சொல்லி அனுப்பி, உள்ள போயி, பேசி, நிரூபிச்சிருக்கா." கொஞ்சம் இடைவெளி. "நான் எத்தன வாசல் ஏறியிருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

வழக்குரை காதையைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் இந்த வாக்கியம் இல்லை. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழில் பெயர்த் திருத்தம், உதவித்தொகை விண்ணப்பம் என்று அந்த இரண்டு வருடத்தில் அவள் ஏறி இறங்கியதை எல்லாம் நான் பாதிதான் அறிந்திருந்தேன்.

பிறகு நலத்திட்டங்கள் பாடம் வந்தது. தமிழ்நாடு அரசின் நலத்திட்டங்களில் கேள்வி கண்டிப்பாக உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும், அதனால் எல்லோரும் குழம்புவார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: மகப்பேறு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்: முன்பு ஏழைப் பெண்கள் திருமண உதவி, இப்போது கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கான புதுமைப் பெண். ஈ.வெ.ரா. மணியம்மையார்: ஏழை விதவையரின் மகள் திருமணம். டாக்டர் தர்மாம்பாள் அம்மையார்: விதவை மறுமணம். குடோனில் நின்று கேட்டுக்கொண்டே போனேன்.

"சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டம் எதற்கு?"

ஊக்கு வைக்கும் நேரம் விட்டேன். பதிலைச் சொன்னேன். "இலவசத் தையல் இயந்திரம்."

இரவு போனபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். "என்கிட்டயே கேக்கறியா அத" என்று மிஷினைத் தட்டினாள். 2022-இல் சமூக நலத் துறையில் விண்ணப்பித்து வந்த மிஷின் அதுதான். நான்தான் ஆட்டோவில் வைத்து ஏற்றி வந்தேன். யார் யாருக்குக் கொடுப்பார்கள், வயது 20-லிருந்து 40 வரை, தையல் தெரிந்ததற்கு என்ன அத்தாட்சி வேண்டும், எல்லாம் அவள் ஒப்பித்தாள். எந்தப் பயிற்சி மையத்தின் நோட்ஸும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. சத்தியவாணி முத்து யார் என்று மட்டும் கேட்டாள். தமிழக அமைச்சராகவும் பிறகு மத்திய அமைச்சராகவும் இருந்தவர் என்றேன். "பொம்பள மந்திரியா" என்று மிஷினின் தலையை ஒருமுறை துடைத்துவிட்டாள்.

நாங்கள் மனப்பாடம் செய்யும் வினா விடைக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த வீட்டில் எனக்குப் புலப்பட்டுக்கொண்டே இருந்தது. பயனாளி என்று நோட்டில் எழுதுகிறோம். அந்தப் பயனாளி என் எதிரில் உட்கார்ந்து அதே நோட்டைப் படிக்கிறாள்.

ஒரு பதிவுக்கு மட்டும் பதில் வரத் தாமதமானது. விதவை மறுமணச் சட்டம், ஆண்டு 1856, அதற்குப் போராடியவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். ஒரே வரி. நான் எப்போதும்போல வாசித்து அனுப்பிவிட்டு மூட்டைக் கணக்குக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தது. "1856-லயே சட்டம் போட்டுட்டாங்களா?"

"ஆமாக்கா."

"நம்ம தெருவுக்கு இன்னும் வந்து சேரல போல."

அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த பதிவில் நான் மௌரியர்களுக்குப் போனேன்.

*

என்னிடம் நோட்ஸ் எடுப்பது எப்படி என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பேனா எதற்கு, பென்சில் எதற்கு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

1929-இல் சென்னை மாகாணத்தில்தான் இந்தியாவின் முதல் மாகாணப் பணியாளர் தேர்வாணையம் வந்தது. இது இனி மாறாது, பேனா. வஞ்சிக் காண்டத்துக்கு ஏழு காதை, பேனா. தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்? எனக்கு ஒரு சீனியர் கொடுத்துவிட்டுப் போன நோட்டில் 32 என்று நீல மையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து பிறந்தன, 37. 2020-இல் மயிலாடுதுறை, 38. அந்தப் பக்கத்தில் 32-ஐ அடித்து 37, 37-ஐ அடித்து 38. இந்தியாவில் மாநிலங்கள் எத்தனை? 29 மாநிலம், 7 யூனியன் பிரதேசம் என்று இருந்தது. 2019 அக்டோபர் 31 முதல் ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் யூனியன் பிரதேசங்கள் ஆனதும் 28, 9. 2020 ஜனவரி 26 அன்று தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றானதும் 28, 8. மூன்றே மாதத்தில் ஒரு பக்கம் இரண்டு முறை பழையதானது. தமிழ்நாட்டின் ராம்சார் ஈரநிலங்கள் 2022-க்கு முன்பு கோடியக்கரை ஒன்றே ஒன்று. 2025 பிப்ரவரியில் 20. நடுவில் நான் எத்தனை தடவை அழித்தேன் என்பதற்கு அந்தத் தாளில் விழுந்த ஓட்டையே சாட்சி. இந்திய தண்டனைச் சட்டம் 1860 என்று ஒரு தலைமுறையே பேனாவில் எழுதி வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா.

நோட்டு எழுதுகிறவர்களுக்கு நாட்டு நடப்பின் மேல் ஒரு விசித்திரமான உறவு வருகிறது. நாளிதழில் ஒரு பெரிய செய்தி வந்தால் ஊரே அதன் நியாய அநியாயத்தைப் பேசிக்கொண்டிருக்கும். நாங்கள் எந்தப் பக்கத்தில் எந்த வரியை அழிக்க வேண்டும் என்று ரப்பரைத் தேடிக்கொண்டிருப்போம்.

அக்காவுக்கு பென்சில் பாகத்தைக் குரலில் எப்படிச் சொல்வது என்று ஒரு சிக்கல் வந்தது. அனுப்பிய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் பேசி அனுப்புவேன். அவள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். மாறக்கூடியதைச் சொல்லும்போது முதலில் "இன்னைக்கு நிலவரப்படி" என்று சொல்லச் சொன்னாள். தங்கம் விலை மாதிரி.

ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் விஷயம் வந்தது அந்தச் சமயத்தில்தான். நேரடி நியமனத்தில் பெண்களுக்கு 30 சதவீதம். அந்த 30-இல் 10 சதவீதம் ஆதரவற்ற விதவைகளுக்கு. அதாவது 100 இடத்தில் 3. கோட்டாட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். மாத வருமானம் 4,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்று காட்ட வேண்டும். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். 'ஆதரவற்ற' என்ற சொல்லை எழுதும்போது கை நின்றது. தம்பி நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா உள்ளே காபி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "எழுதுடா. அது அந்தக் காயிதத்துக்குள்ள மட்டும்தான்."

*

2024 ஜூன் 9. காலை ஒன்பதரைக்குத் தேர்வு. அவளுக்கு ஒரு பள்ளி, எனக்கு வேறு பள்ளி. கறுப்பு பால்பாயிண்ட் பேனா நான்கு வாங்கி ஆளுக்கு இரண்டு வைத்துக்கொண்டோம். ஓ.எம்.ஆர். தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம். ஏ, பி, சி, டி நான்கும் விடைகள். ஐந்தாவதான இ, 'விடை தெரியவில்லை' என்பதற்கு. எதையும் நிரப்பாமல் விடக் கூடாது, விட்டால் மதிப்பெண் குறையும். தெரியாது என்பதையும் வட்டத்தை நிரப்பித்தான் சொல்ல வேண்டும். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் அந்த ஐந்தாவது வட்டத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, எதையாவது குருட்டாம்போக்கில் நிரப்பு என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். ஐந்து கேள்விக்கு இ போட்டதாகச் சொன்னாள்.

"ஏன்க்கா? சும்மா எதையாவது போட்டிருக்கலாமே?"

"தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு கட்டம் குடுத்திருக்காங்க. எனக்கு இதுவரைக்கும் யாரும் அப்படிக் குடுத்ததில்ல. கொஞ்சம் பயன்படுத்திப் பார்த்தேன்."

அக்டோபர் இறுதியில் முடிவு வந்தது. 200-க்கு எனக்குச் சரியான விடைகள் 151. மதிப்பெண் 226.5. அக்காவுக்கு 158. மதிப்பெண் 237. சான்றிதழ் சரிபார்ப்புப் பட்டியலில் அவள் எண் இருந்தது. என்னுடையது இல்லை. எனக்கு அது மூன்றாவது முயற்சி.

அன்று சாயங்காலம் எனக்குள் என்ன நடந்தது என்று நேர்மையாகச் சொல்வதானால், முதல் அரை மணி நேரம் சந்தோஷம் வரவில்லை. என் குரல் அவளுக்குள் போய் 158 ஆகியிருக்கிறது, எனக்குள் 151-ஆகவே நின்றுவிட்டது என்று ஒரு கணக்கு ஓடியது. பிறகு அவள் மகள் வந்து, "மாமா, அம்மா பாஸ்" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டபோதுதான் அது வந்தது. வந்தபின் நிற்கவில்லை.

தெருவில் வேறு மாதிரி பேசினார்கள். "அவளுக்கென்ன, விதவை கோட்டா." என் முன்னாலேயே சொன்னார்கள், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. நான் அவர்களுக்குக் கணக்கு சொன்னேன். ஏழு கேள்வி, பத்தரை மதிப்பெண். ஒதுக்கீடு அவளைத் தூக்கி எனக்கு முன்னால் வைக்கவில்லை, மதிப்பெண்ணிலேயே அவள் முன்னால்தான் இருந்தாள். அதற்கும் மேல் ஒன்று உண்டு. அந்த 100-இல் 3 என்பதை யாரோ ஒருவர் எப்போதோ ஒரு கோப்பில் எழுதியிருக்கிறார். புருஷன் போன பிறகு ஒரு பெண்ணுக்கு இந்த ஊரில் என்னென்ன கதவு சாத்தப்படும் என்று அறிந்த யாரோ. எங்கள் நோட்டில் அது ஒற்றை வரி. அந்த வரி இல்லாவிட்டால் என் அக்கா அந்த விண்ணப்பத்தைக் கேட்டே இருக்க மாட்டாள்.

இப்போது அவள் பக்கத்து மாவட்டத்தில் இளநிலை உதவியாளர். வருவாய்த் துறை. காலையில் ஆறே முக்கால் பஸ். மகள் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகிறாள். முதல் மாதம் ஒவ்வொரு ராத்திரியும் பேசுவாள். அவளுடைய மேஜைக்கு வரும் தபாலையெல்லாம் எண் போட்டுத் தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கோப்பு இரண்டு வகை. வந்த கடிதங்கள் போகும் நடப்புக் கோப்பு, அவற்றைப் பற்றி இவள் எழுதும் குறிப்புக் கோப்பு. மனு ஒன்று வந்தால் அதைப் படித்து, அதன் சாரத்தைச் சுருக்கி, விதி என்ன சொல்கிறது என்று சேர்த்து, மேலே அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் அதை 'நோட் போடுவது' என்கிறார்கள்.

"பரீட்சையோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்டா. இங்க வந்தும் நோட்ஸ்தான் எழுதறேன்" என்றாள். பிறகு சொன்னாள். "நாலு பக்கம் எழுதியிருப்பாங்க. அழுது எழுதியிருப்பாங்க. பாதி நிலத்தப் பத்தி இருக்கும், பாதி அண்ணன் தம்பி சண்ட, நடுவுல சாமி பேரு. அத நான் அஞ்சு வரியா ஆக்கணும். நீ சிலப்பதிகாரத்துக்குப் பண்ணின வேலையத்தான் நான் மனுவுக்குப் பண்றேன்."

"முப்பது காதைன்னு எழுதிருவியா?" என்றேன்.

"அஞ்சு வரிதான் எழுதணும். மேல இருக்கறவங்களுக்கு நேரமில்ல. ஆனா ஒரு வரிய மட்டும் அவங்க எழுதின மாதிரியே போட்டுருவேன். மனுதாரர் கூறுவதாவதுன்னு ஆரம்பிச்சு, அவங்க வார்த்தையிலயே. அதுக்கு இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல."

நான் அடுத்த தேர்வுக்குப் புது நோட்டு போட்டிருக்கிறேன். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில். சிலப்பதிகாரம் வந்தபோது வழக்கமான ஐந்து வரியை பேனாவில் எழுதினேன். அதன் கீழே ஆறாவதாக ஒரு வரி எழுதியிருக்கிறேன். தேர்வில் கேட்கவே மாட்டார்கள் என்று தெரியும்.

மனுதாரர் பெயர் கண்ணகி. அத்தாட்சி ஒற்றைச் சிலம்பு.